காத்திருப்புக் கூடத்தின் காற்று

2020 கோடையில் தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலில் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவார். இன்னொருவர் உள்ளங்கையில் சானிடைசர் ஊற்றுவார். பேர், ஊர், செல்போன் எண் நோட்டில் ஏறும். பிறகு ஓ.பி. சீட்டோடு ஒரு கூடத்தில் போய் உட்கார வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். தனியார் மருத்துவமனை என்றால் ஏ.சி. ஓடும், குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று சன்னல்களை அடைத்திருப்பார்கள். டயாலிசிஸுக்கு வந்தவர், ஏழாம் மாத ஸ்கேனுக்கு வந்தவர், சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக்கொள்ள வந்தவர், இரண்டு நாளாய் உடம்பெல்லாம் வலி என்று வந்தவர், எல்லாரும் தங்கள் முறைக்காக அந்தக் கூடத்தில்தான் காத்திருந்தார்கள்.

அன்றைக்கு நோயாளிகளின் பயமெல்லாம் கோவிட் வார்டைப் பற்றித்தான் இருந்தது. அந்த மாடிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்றார்கள். உண்மையில் அதிகம் அஞ்சியிருக்க வேண்டிய இடம் அவர்கள் உட்கார்ந்திருந்த கூடம். எல்லாம் முடிந்த பிறகு வந்த ஞானம் இல்லை இது. மருத்துவ உலகம் 2020க்கு முன்பே விலை கொடுத்துக் கற்றிருந்த பாடம்.

2015 மே மாதம் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் மூலம், கொரோனா வகை வைரஸால் வரும் மெர்ஸ் என்ற சுவாச நோய் தென்கொரியாவுக்குள் நுழைந்தது. என்ன நோய் என்று தெரியும் முன்பே அவர் பல மருத்துவமனைகள் ஏறி இறங்கிவிட்டார். அவற்றில் ஒன்று பியோங்டேக் நகரில் இருந்தது. அங்கே நிமோனியாவுக்காகப் படுத்திருந்த 35 வயதுக்காரர் ஒருவருக்கு அவரிடமிருந்து நோய் தொற்றியது. பின்னாளில் மருத்துவ ஆய்விதழ்களில் ‘14ஆம் நோயாளி’ என்று இடம்பெற்றவர் இவர்தான். உடம்பு தேறாததால் பேருந்து ஏறி சியோலுக்குப் போனார். மே 27 முதல் 29 வரை சாம்சங் மருத்துவ மையத்தின் அவசரப் பிரிவில், இடநெருக்கடிக்கு நடுவே, இருமிக்கொண்டு கிடந்தார். அவருக்கு மெர்ஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த மூன்று நாட்களில் அவரிடமிருந்து 82 பேருக்கு நோய் தொற்றியது. அவர்களில் 33 பேர் நோயாளிகள், 8 பேர் மருத்துவமனை ஊழியர்கள். மீதி 41 பேர் நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும். கொரியாவிலும் நம் ஊர் மாதிரிதான். ஒருவர் படுத்தால் குடும்பமே மருத்துவமனையில் குடியேறும். அந்தப் பரவலில் மொத்தம் 186 பேருக்கு நோய் வந்தது, 38 பேர் இறந்தார்கள். தெருவிலோ சந்தையிலோ அது பரவவில்லை. ஏறக்குறைய முழுக்க மருத்துவமனைகளுக்குள்ளேயே சுற்றியது.

நோய் என்னவென்று கண்டறியப்பட்ட நோயாளி மருத்துவமனைக்கு அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. அவரைத் தனியறையில் வைப்பார்கள். உள்ளே போகிறவர்கள் கவச உடை அணிந்து போவார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும், இன்னும் பெயரிடப்படாத காய்ச்சல்தான் ஆபத்து. கோவிட் விஷயத்தில் வைரஸின் இயல்பும் இதற்கு ஒத்துழைத்தது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மூச்சில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அறிகுறி தொடங்கும் சமயத்தில் அது உச்சத்தில் இருக்கும். 2020இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வொன்று, தொற்றுகளில் சுமார் 44 விழுக்காடு இப்படி அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய கட்டத்திலேயே நடந்ததாகக் கணக்கிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் அளவுக்கு உடம்பு மோசமாவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில். அதற்குள் பலரிடம் பரவக்கூடிய வைரஸ் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆக, பார்ப்பதற்கு நன்றாக இருந்தவர் அதிகம் பரப்பினார். பார்க்கவே பயமாக இருந்தவர் குறைவாகப் பரப்பினார்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2020 ஏப்ரலில் ஊழியர்களின் இரத்தத்தில், கோவிட் வந்துபோனதற்கு அடையாளமான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களில் 14.8 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. நோயாளிகள் வந்து சேரும் உடனடி மருத்துவப் பிரிவில் இது 33 விழுக்காட்டைத் தாண்டியது. எல்லாரையும்விட மேலே, 34.5 விழுக்காட்டில், துப்புரவுப் பணியாளர்கள் இருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்ததற்குக் கவச உடை ஒரு காரணம், காற்றோட்ட வசதி இன்னொரு காரணம், நோயின் நாள்கணக்கு மூன்றாவது.

இப்போது வாசலில் நின்ற அந்த வெப்பமானிக்கு வருவோம். நெற்றித் தோலிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, உடலின் வெப்பத்தை அது ஊகிக்கிறது. வெயிலில் நடந்து வந்தால் கூட்டிச் சொல்லும், ஏ.சி. காரில் வந்து இறங்கினால் குறைத்துச் சொல்லும். காய்ச்சல் இருந்தும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவரைச் சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்பும். காய்ச்சலே வராத தொற்றாளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை நீட்டிக்கொண்டு நின்ற காவலாளி ஒரு முகமூடியை மட்டும் நம்பி நாள் முழுக்க ஆயிரம் பேர் மூச்சுக்கு முன்னால் நின்றார். சோதிக்கப்பட்டவர்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

வாசலில் இருந்த கருவிகளில் உருப்படியானது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். அவர் காலமானது 2020 ஏப்ரல் 18. உலகமே தன் விரல்களை அவர் கருவிக்குள் நுழைத்துக்கொண்டிருந்த நேரம். ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத இரத்தம் இதற்கு நேர்மாறு. இரண்டு ஒளிகளையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து விகிதம் பார்த்தால், 97, 94, 88 என்று இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு விழுக்காட்டில் கிடைக்கிறது. கோவிட் நிமோனியாவில் சிலருக்கு ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்கிய பிறகும் மூச்சுத்திணறல் தெரியவில்லை. செல்போனில் பேசிக்கொண்டே வந்தவர்களை இந்தக் கருவிதான் நிறுத்தியது. அவர்களுக்கு நோய்த் தொற்று உண்டா என்று அது சொல்லாது. இந்த வரிசையில் யாரால் இனி காத்திருக்க முடியாது என்று சொல்லும்.

நம்மைப் போன்ற கருநிறத்தவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்த நிலை வெள்ளையர் அளவீடுகளில் 3.6 விழுக்காடாகவும், கறுப்பினத்தவர் அளவீடுகளில் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. தோலின் நிறமி ஒளியைக் குழப்புகிறது. எண் நன்றாக இருக்கிறது, ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் உடம்பு சொல்வதையே நம்ப வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் விரலில் இருந்தால் வேறு விரலை நீட்டுங்கள்.

மறுபடி கூடத்துக்கு வருவோம். அங்கே தொற்று எப்படிப் பரவியது என்பதில் அறிவியல் உலகம் ஓராண்டுக்கு மேல் சண்டை போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் ஒரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும் என்றது. கை கழுவு, தள்ளி நில் என்பதுதான் அன்றைய உபதேசம். பெருக்கல் குறி ஒட்டிய நாற்காலிகள் அந்த உபதேசத்தில் பிறந்தவை.

ஆனால் இந்தக் கேள்விக்கு 1950களிலேயே ஒரு மொட்டைமாடியில் விடை கிடைத்திருந்தது. ஹார்வர்டில் பணியாற்றிய வில்லியம் வெல்ஸ் 1934இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். வாயிலிருந்து வெளியேறும் சிறு துளி தரையைத் தொடும் முன்பே உலர்ந்து, கிருமியைச் சுமந்த நுண்துகளாகக் காற்றில் தங்கிவிடும். பலர் நம்பவில்லை. பிறகு ரிச்சர்ட் ரைலியோடு சேர்ந்து பால்டிமோர் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஒரு சோதனையை அமைத்தார். ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளில் இருந்த ஏறக்குறைய 150 கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளிகளுக்கும் அவற்றுக்கும் காற்றைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. மாதத்துக்கு மூன்று என்ற கணக்கில் அவற்றுக்குக் காசநோய் வந்தது. அதே காற்றைப் புறஊதா விளக்கு வழியாகச் செலுத்தி வேறொரு கூண்டுக்கு அனுப்பியபோது அங்கே ஒன்றுக்குக்கூட வரவில்லை.

இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பிறகும் ஏன் தடுமாற்றம்? பாடப்புத்தகங்களில் நுழைந்துவிட்ட ஒரு கணக்குப் பிழைதான் பெரிய காரணம். 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளியெல்லாம் கீழே விழுந்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள். வெல்ஸ் சொன்ன எல்லை 100 மைக்ரான். நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய துகளின் அளவுதான் 5 மைக்ரான். காசநோய்க்கு முக்கியமான அந்த எண் எப்படியோ இடம் மாறி, காற்றில் மிதப்பதற்கான எல்லையாகிவிட்டது. அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி 5 விநாடியில் தரைக்கு வரும். 5 மைக்ரான் துகளுக்கு 33 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு 12 மணி நேரம்.

2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்ட்டனும் எழுதிய கடிதத்தை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள்: இது காற்றிலும் பரவுகிறது, காற்றோட்டத்தைக் கவனியுங்கள் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் வாசகங்கள் மெல்ல மெல்ல மாறி, 2021 ஏப்ரல் இறுதியில்தான் ஒரு வழிக்கு வந்தன. அதற்குள் உலகம் டன் கணக்கில் பிளீச்சிங் பவுடரையும் கிருமிநாசினியையும் தெருவில் கொட்டியிருந்தது. கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் மதிப்பிட்டது. கை கழுவுவது நல்ல பழக்கம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும், வேறு பல நோய்களைத் தடுக்கும். ஆனால் மூச்சில் வரும் நோயைக் கதவுக் கைப்பிடியில் தேடிக்கொண்டிருந்தோம்.

கூடத்தின் ஒரு மூலையில் ஒருவர் பீடி பற்றவைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு நெடி அதிகம் அடிக்கும். ஆனால் கால்மணி நேரத்தில் எதிர்மூலையில் இருப்பவரும் மூக்கைப் பொத்துவார். மூச்சில் மிதக்கும் நுண்துகளும் இப்படித்தான் பரவுகிறது. ஆறடி தள்ளி உட்காருவது முதல் சில நிமிடங்களுக்கு உதவும்; இரண்டு மணி நேரக் காத்திருப்புக்கு உதவாது. புகை எவ்வளவு நேரம் தங்கும் என்பது அறையின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மணிக்கு 2 முறை மாறும் அறையில் மிதக்கும் துகளில் 99 விழுக்காடு நீங்க 138 நிமிடம் பிடிக்கும். 6 முறை என்றால் 46 நிமிடம், 12 முறை என்றால் 23 நிமிடம்.

சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்பவும் தள்ளுகிறது. சீனாவின் குவாங்ஜோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உணவருந்திய மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றோட்டப் பாதையில் இருந்தன. நம் ஊர் சிறிய கிளினிக்குகளிலும் ஸ்கேன் சென்டர்களிலும் எத்தனை கூடங்கள் இப்படி இருக்கின்றன என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றை அளக்க மலிவான வழி உண்டு. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் அது சுமார் 40,000. அடைத்த கூடத்தில் அளவு 1,200ஐத் தொட்டால், நீங்கள் இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒன்று வேறொருவர் ஏற்கெனவே விட்ட மூச்சு என்று பொருள். கையடக்கமான கரியமில மீட்டரை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம். நுழைவாயிலில் வெப்பமானி பிடித்த மருத்துவமனைகள் கூடத்துச் சுவரில் இதை மாட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

2021 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் கோவிட் வார்டுக் காற்றைச் சேகரித்துப் பார்த்தார்கள். சாதாரண வார்டில், காற்று வடிகட்டி அணைந்திருந்தபோது ஏறக்குறைய ஒவ்வொரு சோதனை நாளும் வைரஸ் இருந்தது. வடிகட்டியை ஓடவிட்டபோது இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றிலோ வடிகட்டி இல்லாமலேயே வைரஸ் அரிதாகத்தான் கிடைத்தது.

வடிகட்டி வாங்க முடியாத நாடுகள் என்ன செய்வது? பெருவின் தலைநகர் லிமாவில் ரோட் எஸ்கோம்பும் சகாக்களும் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. எந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனிமை அறைகளில் காற்று மணிக்கு 12 முறை மாறியது. சன்னலையும் கதவையும் திறந்துவைத்த சாதாரண அறைகளில் 28 முறை. அதிலும் 1950க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, சன்னல் பெருத்த பழைய கட்டடங்களில் 40. 1970க்குப் பின் கட்டியவற்றில் 17. காசநோய் தொற்றும் வாய்ப்பை அவர்கள் கணக்கிட்டபோது, எந்திர அறையில் 39 விழுக்காடு, புதுக் கட்டடத்தில் 33, பழைய கட்டடத்தில் வெறும் 11. நம் மாவட்டத் தலைநகரங்களில் வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி என்று இடித்துத் தள்ளும் கட்டடங்களைப் பார்க்கும்போது இந்த எண்கள் எனக்கு நினைவுக்கு வரும்.

திறந்த காற்றின் அருமை நம் ஊருக்கும் புதிதல்ல. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய மருத்துவர் சவுரி முத்து, 1928இல் தாம்பரம் அருகே பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியம் தொடங்கியபோது மருந்தென்று அவரிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. திறந்த காற்று, வெளிச்சம், ஓய்வு, உணவு. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதிப் பேரை நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் புழங்கிய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கியதும் நோயாளியின் பரப்பும் திறன் மளமளவென்று இறங்கிவிடுகிறது. குடும்பத்துக்குத் தொற்ற வேண்டியது, நோய் கண்டறியப்படாத அந்த ஆரம்ப மாதங்களிலேயே தொற்றி முடிந்திருந்தது. பால்டிமோர் கினிப்பன்றிகளும் இதையேதான் சொல்லியிருந்தன: மருந்து எடுத்தவர்களின் மூச்சிலிருந்து அவற்றுக்கு நோய் வந்தது மிகக் குறைவு.

2020இல் சென்னை மாநகராட்சி தெருமுனைகளில் காய்ச்சல் முகாம் நடத்தியதை நான் பாராட்டுவது இதனால்தான். மருந்து, மாத்திரை, கபசுரக் குடிநீர் எல்லாம் இருக்கட்டும். இன்னும் பெயரிடப்படாத காய்ச்சலை அடைத்த கூடத்துக்கு வரவிடாமல், வானத்துக்குக் கீழேயே நிறுத்திப் பார்த்தது அந்த முகாம். பந்தலுக்குக் கீழே காற்று எத்தனை முறை மாறியது என்று யாரும் அளக்கவில்லை. அளக்கத் தேவையும் இல்லை.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. என்95 சல்லடை மாதிரித் துளையால் மட்டும் தடுப்பதில்லை. அதன் இழைகளில் ஏற்றிய நிலைமின்சாரம் துகளைப் பிடித்து இழுக்கிறது. பிடிப்பதற்கே கடினமான 0.3 மைக்ரான் அளவில்கூட 95 விழுக்காட்டை நிறுத்த வேண்டும் என்பது அதன் தரம். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்சாரம் போய்விடும். மூக்கோரம் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியே போகும், கவசம் சும்மா தொங்கும். வால்வு வைத்தது உங்களைக் காக்கும், பக்கத்தில் இருப்பவரை அதே அளவுக்குக் காக்காது.

2023 மே 5 அன்று கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வெப்பமானிகள் அலமாரிக்குள் போயின, நாற்காலிகளில் ஒட்டியிருந்த பெருக்கல் குறிகள் உரிந்தன, சன்னல்கள் மட்டும் அடைத்தது அடைத்தபடியே இருக்கின்றன. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஆண்டுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் அந்நோயால் இறக்கிறார்கள். மூன்று வாரமாய் இருமல் என்று வந்து, சளிப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவரும் அதே கூடத்தில்தான் உட்காருகிறார். அடுத்த முறை ஓ.பி. வரிசையில் உட்காரும்போது சன்னல் பக்கத்து நாற்காலியாகப் பாருங்கள். அடைத்திருந்தால் திறக்கச் சொல்லுங்கள். முடியாது, ஏ.சி. ஓடுகிறது என்றால் டோக்கன் எண்ணைச் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நில்லுங்கள். உங்களைக் கூப்பிடாமல் விட்டுவிட மாட்டார்கள்.